மரச்சீனியும் மண்ணில் மறைந்த துணையும்



ஒரு நாட்டு மக்களைப் பசியினின்றும் காத்த பொருள்களை எண்ணும்போது, கண்ணுக்குத் தெரிவனவற்றையே நாம் எண்ணுகிறோம். ஏரியும் கால்வாயும், ஏரும் எருவும், வித்தும் நம் நினைவுக்கு வருகின்றன. மண்ணுக்குள் கண்ணுக்குப் புலனாகாது வாழும் நுண்ணுயிர்களை எண்ணுவார் மிகச் சிலரே. திருவிதாங்கூர் நாட்டில் ஏழை எளியவரின் வயிற்றை நெடுங்காலம் நிரப்பிய ஒரு கிழங்கின் வரலாற்றை ஆராயுமிடத்து, அதன் வேருக்குள் குடியிருந்து அதற்கு ஊட்டம் தேடித் தந்த பூசணத்தின் வரலாறும் உடன் வெளிப்படுகிறது. மண்ணின் வளத்துக்கும் வறுமைக்கும் ஏற்ப அப்பூசணம் தன்னை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதை அறிவியலார் அண்மைக் காலத்தில்தான் கண்டறியத் தொடங்கியுள்ளனர். இவ்விரு வரலாறுகளையும் ஈண்டுச் சேர்த்துக் காண்போம்.

நாம் குறிப்பிடும் கிழங்கு மரச்சீனி. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்க்கு இப்பெயர் புதிதன்று. சாலைக் கடைத்தெருவில் இதனை வாங்காத குடும்பம் அரிது. மலையாள மக்கள் இதனைக் கப்பை என்றும் வழங்குவர். குமரி மாவட்டத்துத் தமிழரும் மரச்சீனி என்றே சொல்வர். சேலத்தார்க்கு இது குச்சிக்கிழங்கு. ஏனைத் தமிழர்க்கு மரவள்ளி. பெயர் பலவாயினும் பயிர் ஒன்றே. இதன் தாயகம் நம் நாடன்று, தென் அமெரிக்கா. போர்த்துகேசியர் வாயிலாக 17-ஆம் நூற்றாண்டில் இது மேற்குக் கடற்கரையை அடைந்தது என்பர் வரலாற்றறிஞர். ஆயினும் நெடுங்காலம் இதற்கு மதிப்பு ஏற்படவில்லை.

மதிப்பை ஏற்படுத்தியவர் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இராமவர்மர். இவர் 1880 முதல் 1885 வரை ஆண்டவர். பயிர்களிலும் செடிகொடிகளிலும் ஆழ்ந்த நாட்டம் கொண்டவர். இவர் அரியணை ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர்த்தான், 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அரிசி ஒன்றையே நம்பி வாழும் மக்களின் நிலை எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை அப்பஞ்சம் உணர்த்தியது. மேட்டு நிலத்தில், மழைநீரை மட்டும் கொண்டு விளையும் உணவுப் பயிர் ஒன்று வேண்டும் என்று மன்னர் கருதினார். மரச்சீனியைப் பயிரிடுமாறு குடிமக்களை ஊக்கினார். கிழங்கில் நஞ்சு உண்டு என்று மக்கள் அஞ்சினர். அவ்வச்சம் முற்றும் அடிப்படையற்றதன்று. கசப்பு வகைக் கிழங்குகளில் சயனைடை வெளியிடும் பொருள் மிகுதியாக உண்டு. நன்கு வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். மன்னர் தாமே உண்டு காட்டி அச்சத்தைப் போக்கினார் என்று மக்கள் வழிவழியாகச் சொல்வர்.

இம்முயற்சியின் பயன் 60 ஆண்டுகளுக்குப் பின்னர்த் தெளிவாகப் புலனாயிற்று. திருவிதாங்கூருக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, வந்துகொண்டிருந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே அவ்வழி அடைபட்டது. பங்கீட்டு அரிசி போதாத வீடுகளில் மரச்சீனியும் மீனுமே உணவாயின. அதே போர்க்காலத்தில், கிழக்காசிய நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோகவே, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. மலையாள நாட்டின் பசி தீர்த்த பயிர் தமிழ்நாட்டில் ஒரு தொழிலுக்கும் வித்தாயிற்று.

இனி, இப்பயிர் விளைந்த நிலத்தின் தன்மையைக் காண்போம். திருவனந்தபுரத்து மேட்டு நிலம் பெரும்பாலும் செம்புரை மண். வெட்டி எடுத்து வெயிலில் உலர்த்தினால் கல்லாக இறுகும் இம்மண்ணை வீடு கட்டப் பயன்படுத்துவர்; வெட்டுகல் என்பர். 1800-ஆம் ஆண்டையொட்டி மலையாளக் கரையில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் என்பார், அங்காடிப்புரத்தில் இதனைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் லேட்டரைட் எனப் பெயரிட்டார். 1807-இல் வெளிவந்த அவரது நூலின் வழியாக அப்பெயர் உலகெங்கும் பரவியது. பல்லாயிரம் ஆண்டுப் பெருமழை இம்மண்ணின் சுண்ணாம்பையும் சாம்பல் சத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியவை இரும்பும் அலுமினியமுமே. இவை மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்வன. மணிச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. கருமியின் பெட்டியில் உள்ள பொன்னைப் போன்றது அது.

இத்தகைய மண்ணில் செழிக்கும் பயிருக்கு மண்ணைத் துருவி ஊட்டம் திரட்டும் நுண்ணிய வேர்த்தொகுதி இருத்தல் வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். மரச்சீனியின் வேரோ தடித்தது, கிளைகள் குறைந்தது, வேர்த்தூவிகள் அருகியது. அங்ஙனமிருந்தும் எருவில்லாத சரளை மேட்டில் அது கிழங்கு தருகிறது. இது எவ்வாறு இயலும்? இவ்வினாவுக்கு விடை காண, நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

பிரஷ்ய அரசு, மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளான் வகை ஒன்றைப் பயிராக்க வழி காணுமாறு ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் என்னும் தாவர நூலாரைக் கேட்டுக்கொண்டது. அவர் காளானைப் பயிராக்கவில்லை. ஆனால் அதனினும் சிறந்த உண்மை ஒன்றைக் கண்டார். காட்டு மரங்களின் நுனிவேர்களைப் பூசண இழைகள் போர்த்தியிருந்தன. அம்மரங்களோ நோயின்றி நன்கு வளர்ந்தன. பூசணம் மரத்துக்குப் பகையன்று, ஊட்டும் செவிலி என்று அவர் கருதினார். 1885-இல் இக்கூட்டுறவுக்கு மைக்கோரைசா, அதாவது பூசணவேர், என்று பெயரிட்டார். பூசணம் என்றாலே நோய் என்று எண்ணியிருந்த அக்கால அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை.

பின்னர், ஜாவாத் தீவின் செடிகளை ஆராய்ந்த ஜான்சே என்பார் 1897-இலும், பிரெஞ்சு அறிஞர் காலோ 1905-இலும், வேறொரு வகையை விளக்கினர். இவ்வகைப் பூசணம் வேரைப் போர்த்துவதில்லை. உள்ளே புகுந்து, வேர் உயிரணுக்களுக்குள் சிறு மரம்போலக் கிளைத்து நிற்கிறது. நம் வேளாண் துறையார் வேர் உட்பூசணம் என வழங்குவது இதனையே. நெல், சோளம், வாழை, மிளகு, மரச்சீனி எனப் பெரும்பாலான பயிர்களோடு உறவு கொள்வது இவ்வகையே. ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் சிற்றூரின் பாறைகளில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட செடிகளிலும் இச்சிறுமர வடிவம் பதிந்திருப்பதை 1994-இல் கண்டனர். செடிகள் நிலத்தில் காலூன்றிய தொடக்க நாள்களிலேயே இவ்வுறவும் தோன்றிவிட்டது.

மண் பூசணங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் சிறந்த இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை 1944 முதல் 1973 வரை தலைமை தாங்கி நடத்திய பேராசிரியர் டி. எஸ். சதாசிவன், கோதுமை வைக்கோலை வெவ்வேறு மண்களில் எந்தெந்தப் பூசணங்கள் எவ்வரிசையில் பற்றுகின்றன என்பதைப் பற்றி 1939-இலேயே எழுதியவர். அவரும் அவர் மாணவர் சி. வி. சுப்பிரமணியன் முதலியோரும் பருத்தியின் வாடல் நோய்ப் பூசணத்தை ஆராய்ந்தனர். மண்ணில் அணுவளவாக உள்ள தனிமங்களுக்கும் அப்பூசணத்தின் வாழ்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து விளக்கினர். ஒரு பூசணத்தின் குணத்தை அதன் மண்ணினின்றும் பிரித்து அறிய முடியாது என்பதே அவர்கள் ஆராய்ச்சி புகட்டிய பாடம்.

வேர் உட்பூசணம் செடிக்கு உண்மையில் உதவுகிறதா என்னும் வினாவுக்கு, இங்கிலாந்தில் பார்பரா மோஸ் என்னும் அம்மையார் 1950-களில் ஆப்பிள், ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கொண்டு விடை தேடினார். பூசணம் சேர்ந்த செடிகள் சேராதவற்றைவிட நன்கு வளர்ந்தன. கதிரியக்கமுள்ள மணிச்சத்தைக் கொண்டு பின்னர் நடத்திய சோதனைகள், இழைகளின் வழியே அச்சத்து வேருக்குச் செல்வதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் மணிச்சத்து தீர்ந்துபோகிறது. வேரினும் பன்மடங்கு மெல்லிய பூசண இழை அவ்வறட்சி வட்டத்தைக் கடந்து, வேர் நுழைய இயலாத நுண்துளைகளிலும் நுழைந்து, மணிச்சத்தைத் திரட்டிக் கொண்டுவருகிறது. கூலியாகச் செடி தான் சமைத்த உணவில் ஒரு பங்கை அதற்கு அளிக்கிறது.

மரச்சீனியின் புதிரை அவிழ்த்த பெருமை, கொலம்பியா நாட்டிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தின் அறிஞர் ஹவலர் என்பாரையும் அவர் துணைவர்களையும் சாரும். மரச்சீனியை மண்ணின்றி ஊட்டக் கரைசலில் வளர்த்தபோது, அது ஏனைப் பயிர்களினும் மிகுதியான மணிச்சத்தை வேண்டிற்று. வயலிலோ, ஏனைப் பயிர்கள் வாடும் மண்ணில் அது செழித்தது. ஒரே பயிர் ஓரிடத்தில் பெருந்தீனியாகவும், மற்றோரிடத்தில் நோன்பியாகவும் விளங்கியது ஏன்? கரைசலில் பூசணம் இல்லை, வயலில் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஓடும் கரைசலில் வளர்த்த செடிகளின் வேரில் பூசணத்தைக் குடியேற்றியதும், மிகக் குறைந்த மணிச்சத்திலும் அவை வளர்ந்தன. 1982-இல் வெளிவந்த இம்முடிவுகள் மரச்சீனியின் எளிமை அதன் தனிக்குணமன்று, கூட்டுறவின் பயன் என்பதை நிலைநாட்டின.

நம் நாட்டில் இப்பயிருக்கென்றே திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அங்கு உருவான வகைகளுள் ஒன்று 1977-இல் ஸ்ரீ விசாகம் என்னும் பெயரோடு வெளிவந்தது. சேலத்து வயல்களில் பரவிய எச். 165, எச். 226 ஆகிய வகைகளும் இந்நிலையம் தந்தவையே. கிழங்குப் பயிர்களின் வேர்களில் உட்பூசணம் குடியிருப்பதையும் இந்நிலையத்தார் 1970-களிலேயே பதிவு செய்தனர்.

இங்கு ஒன்றை நாம் கருத வேண்டும். மரச்சீனி விதையினால் பரப்பப்படுவதன்று. குச்சியை வெட்டி நட்டே பயிராக்குவர். கடல் கடந்து வந்த குச்சியில் வேரும் இல்லை, பழைய மண்ணும் இல்லை. ஆகவே அமெரிக்க மண்ணின் துணைவன் அக்குச்சியோடு வந்திருத்தல் அரிது. இங்கு வந்து வேர்விட்டபின், செம்புரை மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பூசணங்களோடுதான் அது உறவு கொண்டிருக்க வேண்டும். வேர் உட்பூசணங்கள் பெரும்பாலும் ஒரே செடியை நாடுவன அல்ல. ஆதலின் இவ்வுறவு இயன்றது.

அப்படியாயின், வறிய மண்ணில் வாழ்வதற்குரிய திறன் அப்பூசணத்துக்கு எங்கிருந்து வந்தது? பூசணத்தின் ஊட்டமும் மரபணுவும் இணைந்தவை என்பதை முதன்முதல் தெளிவாக்கியவர்கள் அமெரிக்க அறிஞர் பீடிலும் டேட்டமும். ரொட்டியில் வளரும் நியூரோஸ்போரா என்னும் பூசணத்தின் மரபணு ஒன்று பழுதுபட்டால், அது தனக்கு வேண்டிய ஊட்டப்பொருள் ஒன்றைத் தானே ஆக்கும் திறனை இழக்கிறது என்று 1941-இல் அவர்கள் காட்டினர். அதற்காக 1958-இல் நோபெல் பரிசும் பெற்றனர். அவர்கள் திறந்துவிட்ட வழியில் சென்ற பிற்காலத்தார் கண்டவற்றைக் கொண்டு நோக்கின், மண் பூசணம் ஊட்டத்துக்கேற்ப மாறுவது மூன்று கால அளவுகளில் நிகழ்வதாக நாம் கொள்ளலாம்.

முதலாவது, சில மணி அல்லது சில நாள்களில் நிகழ்வது. இதில் மரபணு மாறுவதில்லை; அதன் வேலை கூடுகிறது அல்லது குறைகிறது. மணிச்சத்தை இழைக்குள் ஏற்றிச் செல்லும் புரதத்துக்குரிய மரபணுவை 1995-இல் மரியா ஹாரிசனும் அவர் துணைவரும் கண்டனர். வெளியில் மணிச்சத்து அருகும்போது இத்தகைய மரபணு மிகுதியாக வேலை செய்வதும் பின்னர்ப் புலனாயிற்று. செடியும் வாளா இருப்பதில்லை. மணிச்சத்துக்குப் பசித்த வேர் ஒருவகைப் பொருளை மண்ணில் கசியவிட்டுப் பூசணத்தை அழைக்கிறது என்பதை 2005-இல் ஜப்பானிய அறிஞர் வெளியிட்டனர். வயிறு நிறைந்த செடி அவ்வழைப்பைக் குறைத்துக்கொள்கிறது.

இரண்டாவது, சில பருவங்களிலோ சில ஆண்டுகளிலோ நிகழ்வது. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் ஓர் உட்கருவே பெரும்பாலும் உண்டு. வேர் உட்பூசணத்தின் ஒரு வித்தினுள்ளோ நூற்றுக்கணக்கான உட்கருக்கள் உண்டு. சில பூசணங்களில் அவை இரு வேறு மரபுவகைகளாக இருப்பதும் 2016-இல் தெரியவந்தது. சேரும் செடிக்கேற்ப அவ்விரு வகைகளின் விகிதம் மாறுகிறது என்று 2021-இல் கனடா நாட்டறிஞர் காட்டினர். சுவிட்சர்லாந்தில் 2010-இல் நடந்த சோதனையில், ஒரே பூசணத்தின் வழித்தோன்றல்களை நெற்பயிரோடு தனித்தனியே சேர்த்தபோது, பயிரின் வளர்ச்சி 5 மடங்கு வரை வேறுபட்டது. இத்தகைய வேறுபாடுகளுள் அவ்வம்மண்ணுக்கு ஏற்றவை பெருகுகின்றன, ஏலாதவை அருகுகின்றன. அதே 2010-இல் அமெரிக்கப் புல்வெளிகள் மூன்றின் மண்ணையும் புல்லையும் பூசணத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்த நான்சி ஜான்சன் குழுவினர், அந்தந்த மண்ணின் பூசணமே அந்தந்த மண்ணில் செடிக்குச் சிறந்த துணையாவதைக் கண்டனர். இதில் ஓரினத்துக்குள் நேர்ந்த மரபு மாற்றம் எவ்வளவு, பூசண இனங்களின் கலவையில் நேர்ந்த மாற்றம் எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று. இரண்டும் கலந்தே செயற்படுகின்றன.

மூன்றாவது, கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது. 2013-இல் வேர் உட்பூசணம் ஒன்றின் மரபுத்தொகுதி முழுவதையும் வெளியிட்டனர். ஏறத்தாழ 28,000 மரபணுக்கள் அதில் தென்பட்டன. ஆயினும் இலைக் குப்பையை மட்கச் செய்யும் பூசணங்களிடம் உள்ள கருவிகள் பல அதனிடம் இல்லை. கொழுப்பை அடிப்படையிலிருந்து ஆக்கும் மரபணுக்களும் இல்லை. தனக்கு வேண்டிய கொழுப்பை அது செடியிடமிருந்தே பெறுகிறது என்பது 2017-இல் உறுதியாயிற்று. நெடுங்காலம் பிறர் தந்த உணவில் வாழ்ந்தமையால், தானே சமைக்கும் திறனை அது இழந்துவிட்டது. செடியின்றி அதற்கு வாழ்வில்லை. வறிய மண்ணில் பூசணமின்றி மரச்சீனிக்கும் விளைவில்லை.

இவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. உழவனின் வயலையும் பற்றியது. மிகுதியாக உரமிட்டால் நேர்வது யாது என்பதை அதே நான்சி ஜான்சன் 1993-இல் ஆராய்ந்து வெளியிட்டார். பல ஆண்டுகள் உரமிட்ட நிலத்தின் பூசணங்கள், உரமிடாத நிலத்தின் பூசணங்களைப்போலச் செடிக்கு உதவவில்லை. ஊட்டம் மலிந்த மண்ணில் உழைக்கும் துணைவனுக்கு வேலை இல்லை. உண்ணும் துணைவனே மிஞ்சுகிறான். இனி நம் பக்கம் நோக்குவோம். கேரள மாநிலத் திட்டக்குழுவின் ஆதரவில் நடந்து 2013-இல் வெளிவந்த மண்வள ஆய்வு, அம்மாநில மண் மாதிரிகளில் பெரும்பான்மையானவற்றில் மணிச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்திருப்பதைக் காட்டிற்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மணிச்சத்து எட்டாமல் தவித்த நிலத்தில் இன்று அது மிதமிஞ்சிக் கிடக்கிறது. இதனால் வீணாவது உரத்துக்குக் கொடுத்த பணம் மட்டுமன்று. செம்புரை மண்ணில் வாழப் பழகிய பூசண வகைகளும் நம்மையறியாமலே நம் கையைவிட்டு நழுவக்கூடும்.

மரச்சீனியின் நிலையும் மாறிவிட்டது. 1970-களின் நடுவில் கேரளத்தில் 3 இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் விளைந்த இப்பயிர், பின்னர் ரப்பருக்கும் பிற பணப்பயிர்களுக்கும் இடம் கொடுத்துப் பெரிதும் சுருங்கிற்று. அரிசி எளிதாகக் கிடைக்கும் காலத்தில் இதனை எண்ணிக் கவல்வானேன் என்று சிலர் கருதலாம். 1942-க்கு முன்னரும் அரிசி எளிதாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. கப்பல் நின்றபின்னரே இக்கிழங்கின் அருமை தெரிந்தது. மீண்டும் அத்தகைய இடர் வந்தால் குச்சியை எங்கேனும் தேடிப் பெறலாம். மண்ணின் பூசணத்தை அங்ஙனம் உடனே பெற முடியாது. பைகளில் அடைத்து விற்கும் வேர் உட்பூசணம் உண்டு. நாற்றங்காலிலும், சிதைந்த மண்ணிலும் அது பயன்தரும். ஆயின் உயிருள்ள வேரோடு சேர்த்தே அதனைப் பெருக்க வேண்டியிருத்தலாலும், ஓரிடத்துப் பூசணம் மற்றோரிடத்தில் அவ்வாறே உதவும் என்னும் உறுதி இன்மையாலும், உள்ளதைக் காப்பதே அறிவுடைமை.

காக்கும் வழியும் கடினமானதன்று. மண்ணைச் சோதித்து, மணிச்சத்து மிகுந்திருப்பின் அவ்வுரத்தைக் குறைத்தல் வேண்டும். மரச்சீனிக்கு இதனால் விளைச்சல் குறைவதில்லை என்பதை ஸ்ரீகாரியத்து நெடுங்காலச் சோதனைகளும் காட்டியுள்ளன. நிலத்தை அடிக்கடி ஆழக் கிளறாமலும், பூசணக்கொல்லி மருந்துகளை மண்ணில் தேவையின்றி ஊற்றாமலும், நிலத்தில் ஏதேனும் ஒரு பயிரின் உயிர்வேர் இருக்குமாறும் பார்த்துக்கொண்டால், பூசணம் தன் வேலையைத் தானே செய்யும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர் வீட்டுத் தோட்டத்தில் ஊர்ப் பயிர்களை வளர்க்க விரும்புவர். குச்சியையும் விதையையும் ஊரிலிருந்து கொண்டு செல்வர். அவை முதலாண்டில் வாடி நின்றால் உரத்தை மேலும் மேலும் கொட்டுவதே வழக்கமாக இருக்கிறது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வந்த மரச்சீனிக்குச் செம்புரை மண் துணை தந்ததுபோல, நாம் வாழுமிடத்து மண்ணிலும் அவ்விடத்துக்கே உரிய துணைவர் இருத்தல் கூடும். முதலில் அம்மண்ணைச் சோதித்து அறிந்து, தொழுவுரமும் மட்கும் அளவோடு இட்டு, அத்துணைவர் வேரைத் தேடிவரச் சிறிது காலம் கொடுப்போமாக.